ஸ்டாக்-சான் ரோபோ: பத்துக்கு முகத்துக்குப் பத்து மதிப்பெண், கழுத்துக்கு ஐந்து

ஜப்பானின் ஷின்யா இஷிகாவா 2021-இல் வெளியிட்ட திறமூல ரோபோ ஸ்டாக்-சான். உள்ளங்கையில் அடங்கிவிடும். இஎஸ்பி32 என்ற வைஃபை சில்லும் திரையும் உள்ள எம்5ஸ்டாக் என்ற சிறு கணினிப் பெட்டிதான் தலை. கீழே இரண்டு சர்வோ மோட்டார்கள், அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பவை, சேர்ந்ததுதான் கழுத்து. ஒன்று இடவலமாகத் திருப்பும், மற்றது மேலும் கீழும் ஆட்டும். கூட்டை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்ளலாம். சர்வோ வகைக்கு ஏற்ப உள்தாங்கி மாறும் என்பதால், எந்த மோட்டார் என்று முடிவு செய்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

முகம் 2 அங்குலத் திரை, 320×240 புள்ளிகள். இரண்டு பொட்டுக் கண்கள், ஒரு பட்டை வாய், அவ்வளவுதான். ஆர்டுயினோ நிரல் தளத்துக்கான அவதார் என்ற முகம் வரையும் நூலகத்தில் இயல்பு, மகிழ்ச்சி, கோபம், சோகம், சந்தேகம், தூக்கம் என ஆறு பாவங்கள் உண்டு. ஆனால் முகத்துக்கு உயிர் தருவது அந்த ஆறு அல்ல. சும்மா இருக்கும்போதே கண் சிமிட்டுகிறது, மூச்சு விடுவதுபோல் முகம் லேசாக ஏறி இறங்குகிறது, பார்வை அங்குமிங்கும் துள்ளுகிறது. இதற்கென்று ஒரு வரி நிரல்கூட எழுத வேண்டாம். 1990-களின் பிற்பகுதியில் எம்ஐடியின் கிஸ்மெட் என்ற ரோபோ தலை, புருவம், இமை, உதடு, காது என ஒவ்வொன்றுக்கும் மோட்டார் வைத்துச் செய்ததை இங்கே வெறும் புள்ளிகள் செய்துவிடுகின்றன. வாய், ஒலியின் அளவைப் பார்த்துத் திறந்து மூடுகிறது. 'ப', 'ம' வந்தால் உதடு ஒட்ட வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. ஓரடி தள்ளி உட்கார்ந்தால் நமக்கும் அது உறைப்பதில்லை.

பேச்சுக்குமிழில் தமிழ் காட்ட நினைத்தால் ஏமாற்றம்தான். எழுத்துருவை ஏற்றினாலும், வரைகலை நூலகம் குறிகளை வந்த வரிசையிலேயே வரையும். 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கணினியில் சொல்லைப் படமாக்கி அனுப்புவதே வழி. குரலுக்கு இந்தத் தொல்லை இல்லை. எழுத்தைப் பேச்சாக்கும் ஈஸ்பீக்-என்ஜி மென்பொருளில் தமிழ் உண்டு, கொஞ்சம் தகர டப்பாக் குரல்.

இனி கழுத்து. பலரும் மலிவு கருதி எஸ்ஜி90 என்ற சிறு சர்வோவை மாட்டுகிறார்கள். 9 கிராம் எடை, நைலான் பற்சக்கரம். நகரத் தொடங்கும் நொடியிலும் முட்டி நிற்கும்போதும் ஒவ்வொன்றும் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதே நேரம் வைஃபையும் ஒலிபெருக்கியும் ஓடினால் மின்னழுத்தம் சரிந்து பலகை மறுதொடக்கம் ஆகும். பேச்சின் நடுவே திரை அணைந்து எழுந்தால் முதலில் நிரலைக் குடைய வேண்டாம். சர்வோக்களுக்குத் தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் கொடுத்து, தரைக்கம்பியை (கிரவுண்ட்) மட்டும் பலகையோடு இணையுங்கள். சர்வோ இணைப்பின் குறுக்கே 470 அல்லது 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, முனை மாறாமல். இரண்டு மோட்டாரையும் ஒரே நொடியில் கிளப்பாமல் இருப்பதும் உதவும்.

பொருத்தும் வரிசையும் முக்கியம். முதலில் மோட்டாரை 90 டிகிரிக்கு அனுப்பி, பிறகே அதன் அச்சில் பொருந்தும் கைத்துண்டை (ஹார்ன்) மாட்டித் திருகாணி போட வேண்டும். தவறினால் தலை கூட்டில் முட்டி, மோட்டார் உறுமிச் சூடாகும். மேல்கீழ் அசைவை நிரலில் 25 டிகிரிக்குள் அடக்கிவிடுங்கள். அப்படியும் ஒரு குழந்தை கையால் தலையைத் திருகினால் நைலான் பல் போய்விடும். குழந்தைகள் கட்டாயம் திருகுவார்கள்.

கூடுதல் செலவுக்கு மனமிருந்தால் ஒரே கம்பியில் பலவற்றைக் கோத்து எண் சொல்லிக் கட்டளையிடக்கூடிய எஸ்சிஎஸ்0009 சர்வோ வாங்கலாம். இருக்கும் கோணத்தைத் திருப்பிச் சொல்லும், கட்டளையில் பிடியையும் தளர்த்தும். புதிதாக வரும் எல்லாவற்றுக்கும் அடையாள எண் 1. ஒன்றைத் தனியாக இணைத்து 2 என மாற்றாமல் இரண்டையும் ஒரே கம்பியில் கோத்தால் கட்டளைகள் குழம்பும்.

எந்த மோட்டாரானாலும் தலையைச் சடக்கென்று திருப்பினால் பொம்மை போலத்தான் இருக்கும். 30 டிகிரி திரும்ப அரை நொடி கொடுத்து, 20 மில்லிநொடிக்கு ஒருமுறை கோணத்தைச் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். கண் முதலில் போகட்டும், கழுத்து பின்னால் வரட்டும்.

எம்5ஸ்டாக்கின் கோர்2 வகைப் பெட்டியில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் ஒரே இணைப்பைப் பகிர்வதால், பேசும்போது கேட்காது. குறுக்கே பேசிப் பயனில்லை. கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியோடு இணைத்தால் பதில் வரச் சில நொடி பிடிக்கும். அந்த இடைவெளியில் சந்தேக முகத்தைக் காட்டித் தலையைச் சற்றே நிமிர்த்தி வையுங்கள். எதிரில் இருப்பவர் கேள்வியை மறுபடி கேட்க மாட்டார்.