31 மணித்தியாலம் பறந்தேன், ஒரு லாண்டிங்கும் என்னுடையது இல்லை

மட்டக்களப்பில் மறுபடியும் 'பைலட் ஆகலாம்' கருத்தரங்கு வரப்போகிறதாம். ஏ.எல். முடித்த பக்கத்து வீட்டுத் தம்பி நோட்டீசோடு வந்து, "அண்ணா, நீங்க போனீங்கதானே, எப்படி?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பள்ளியின் பெயரைக் கேட்காதீர்கள். இது ஒரு பள்ளியோடு முடிகிற கதை இல்லை.

திமிலதீவுப் பக்கம் வாவிக்கு மேலால் சின்ன விமானம் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆசை அங்கேதான் பிடித்தது. கருத்தரங்கில் பேசியவர் தோளில் நாலு பட்டி போட்டிருந்தார். நாலு பட்டி என்றால் கப்டன் என்று அம்மாவுக்கும் தெரியும். படுவான்கரையில் இருந்த வயலில் பாதியை அப்பா விற்றார், அம்மாவின் தாலிக்கொடி வங்கிக்குப் போனது. முழுக் காசையும் ஒரே தடவையில் கட்டினால் கழிவு தருவோம் என்றார்கள். கட்டினோம். முதல் பிழை அதுதான்.

பயிற்சி இரத்மலானையில், செஸ்னா 152-இல். இரண்டே பேர் இருக்கிற சின்ன விமானம், தோளோடு தோள் இடிக்கும். எனக்குத் தந்த பயிற்றுநர் என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். நல்ல பிள்ளை, கோபப்படவே மாட்டார். பயிற்றுநர் தகுதி எடுத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்பதும், நான்தான் அவருடைய முதல் மாணவன் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

ஒவ்வொரு லாண்டிங்கிலும் விமானத்தை ஓட்டுகிற பிடியில் அவருடைய கையும் இருக்கும். நான் இழுப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே அவர் இழுத்துவிடுவார். சக்கரம் தரையைத் தொட்டதும் "நல்லா இறக்கினீங்க" என்பார். நானும் நம்பினேன். இன்னொன்று, வேகம் குறைவதென்றால் அவருக்குப் பயம். "கொஞ்சம் கூட வச்சா பாதுகாப்பு" என்று சொல்லி இறங்கும்போது வேகத்தை 75 நொட்டில் (விமான வேகத்தின் அளவு) வைக்கச் சொன்னார். பிளாப் (இறக்கையின் பின்பக்கம் கீழே இறங்குகிற தட்டு) போட்ட 152-க்கு 60 அளவே தாராளம். கூடின வேகத்தில் விமானம் தரைக்கு மேலே மிதந்துகொண்டே போகும், இறங்காது. அந்த மிதப்பைக் கண்டு நான் பயந்தேன். அவருடைய பயத்தைத்தான் காசு கொடுத்துப் படித்திருக்கிறேன்.

14 மணித்தியாலத்தில் அவருக்கு விமான நிறுவனமொன்றில் இடம் கிடைத்துப் போய்விட்டார். வந்த அடுத்தவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார். அவரும் போனார். பயிற்றுநர் என் பக்கத்தில் இருந்து பறக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் அவருடைய லொக்புக்கிலும் (பறந்த நேரம் பதிகிற புத்தகம்) விமானியாகப் பறந்த நேரமாகவே ஏறும். பெரிய விமானத்துக்குப் போக அந்த மணிக்கணக்கு வேண்டும். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்களும் எங்கோ காணி விற்றுத்தான் வந்திருப்பார்கள். ஆனால் அந்த மணித்தியாலங்களுக்குக் காசு கட்டியது என் அப்பா.

தனியார் விமானி உரிமத்துக்கு உலகப் பொது விதிப்படி குறைந்தது 40 மணித்தியாலம் பறக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற பயிற்சியென்றால் 35. பலரும் 15, 20 மணித்தியாலத்துக்குள் தனியாகப் பறந்துவிடுவார்கள். எனக்கு 31 ஆகியும் சோலோ இல்லை. 'உனக்குச் சரிவராது போல' என்ற மாதிரி அலுவலகத்தில் பார்க்கத் தொடங்கினார்கள். நானும் அப்படியே நினைத்தேன்.

அப்போதுதான் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா ஒரு நாள் என்னோடு ஏறினார். ஏறியதும் இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டார். "மல்லி (சிங்களத்தில் தம்பி), நான் தொடமாட்டேன், நீ இறக்கு." விமானம் துள்ளித் துள்ளி இறங்கியது. அவர் திட்டவில்லை. "எங்கே பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். மூக்குக்கு முன்னால் இருந்த தரையைப் பார்த்தேன் என்றேன். "ஓடுபாதையின் மற்றக் கடைசியைப் பார். தரை தானாக மேலே வருவது தெரியும். வேகம் 60." அப்புறம் பிடியின் பாரத்தைக் குறைக்கிற ட்ரிம் சில்லைச் சுற்றிக் காட்டினார். இத்தனை நாளும் மலையைத் தள்ளுகிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை, சரியாக ட்ரிம் செய்ததும் இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. மூன்று நாளில் தனியாகப் பறந்தேன்.

புதியவர் எல்லாரும் கூடாதவர் என்று நான் சொல்லவில்லை. எல்லாரும் ஒரு நாள் முதல் மாணவனோடு ஏறத்தானே வேண்டும். ஐரோப்பிய விதியில் புதுப் பயிற்றுநர் இன்னொருவரின் மேற்பார்வையில்தான் படிப்பிக்கலாம். 100 மணித்தியாலம் படிப்பித்து, மாணவரின் 25 தனிப் பறப்புகளை மேற்பார்த்த பிறகே அந்தக் கட்டுப்பாடு நீங்கும். எனக்கு வந்தவரின் தோளுக்குப் பின்னால் அப்படி ஒருவரும் நிற்கவில்லை. அதனால் கருத்தரங்கில் "சேருக்கு எத்தனை மணித்தியாலம்?" என்று கேட்டு நின்றுவிடாதீர்கள். எத்தனை மாணவரைத் தனியாகப் பறக்க விட்டிருக்கிறார், அவரை யார் மேற்பார்க்கிறார், அவர் இடையில் போனால் யார் வருவார் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். காசைத் துண்டு துண்டாகக் கட்டுங்கள். மீதிக் காசை நான் திருப்பிக் கேட்டபோது கையெழுத்துப் போட்ட படிவத்தைத்தான் எடுத்துக் காட்டினார்கள்.

தாலிக்கொடி இன்னும் வங்கியில்தான். லொக்புக் என்னிடம் இருக்கிறது. பார்க்க வேண்டிய தம்பி தங்கைகள் பின்னேரம் கல்லடிக் கடற்கரைப் பக்கம் வாருங்கள், பக்கம் பக்கமாகக் காட்டுகிறேன்.