கொடுவா மீனுக்கு எது சரி: உயிர் இறாலா, லூரா (போலி இரை)?

முட்டுக்காடு, அடையாறு முகத்துவாரம் பக்கம் தூண்டிலோடு கிளம்புகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வரும்.

முதலில் மீனின் குணம். கொடுவா கடித்துப் பிடிப்பதில்லை. வாயைப் பட்டென்று திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். மேல்மட்டத்தில் எடுத்தால் 'டப்' என்று சத்தமே கேட்கும்.

உறிஞ்சிய பிறகு: இறால் என்றால் விழுங்கப் பார்க்கும், நமக்கு நேரம் உண்டு. லூர் என்றால் சட்டென்று துப்பிவிடும். தூண்டில் நரம்பு தளர்ந்திருந்தால் போச்சு.

செலவு: இறால் ஒவ்வொரு முறையும் வாங்கணும். லூர், பாறையில் சிக்கி அறுந்து போகாதவரை உழைக்கும்.

சிரமம்: வாளித் தண்ணீர் சூடானால் இறால் செத்துவிடும், நண்டும் கெளுத்தியும் வேறு கொத்தும். லூரை வீசி வீசிக் கை வலிக்கும். ஆனால் கொடுவா காலடி வரை அதைப் பின்தொடர்ந்து வந்து திரும்புவதைப் பார்க்கலாம். அந்த நேரம் லூரை ஒரு நொடி நிறுத்தினால் சில சமயம் பாய்ந்து எடுக்கும்! லூர் எனக்குப் பிடிப்பதே இதற்காகத்தான்.

விடுவிப்பது: இறாலோடு தூண்டில் முள் தொண்டைக்குப் போய்விடும்; லூர் பெரும்பாலும் வாயோரம் மாட்டும். கொடுவா ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுவது, பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெண்கள். அவற்றைத் திரும்பத் தண்ணீரில் விட நினைப்பவர்களுக்கு லூர்தான்.

கலங்கிய தண்ணீர், புதுக் கை என்றால் இறால். தெளிந்த தண்ணீரில் நடந்து தேடப் பொறுமை இருந்தால் லூர். எதுவானாலும் முனையில் தடித்த நரம்பு கட்டுங்கள். செவுள் மூடியின் ஓரம் மெல்லிய நரம்பை அறுத்துவிடும்.