அத்தைக்கு வாங்கின வீடியோ கால் ஸ்க்ரீன், ஒரு வருஷத்துக்கு மேல ஓட்டின அனுபவம்

முத்தியால்பேட்டைல இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தி, "விலை குறைஞ்சிருக்கே, அம்மாவுக்கு வாங்கலாமா"ன்னு கேட்டா. ரெண்டு வரில பதில் சொல்ல வரல, அதான் நீளமா எழுதறேன். டேபிள் மேல நிக்க வைக்கற ஸ்க்ரீன்தான், பெரியவங்களுக்குன்னே பண்ணதுன்னு விளம்பரம் போடறாங்களே அது.

முதல்ல நல்லதை சொல்லிடறேன். நாத்தனார் குடும்பம் பாரிஸ் பக்கம். புதன்கிழமை மதியம் அங்க சின்னப் பசங்களுக்கு ஸ்கூல் கிடையாது, அங்க ரெண்டு மணின்னா குளிர்காலத்துல பாண்டில ஆறரை, மார்ச் கடைசி ஞாயிறு அவங்க கடிகாரத்தை மாத்தினா அஞ்சரை. இந்தக் கணக்கு எங்க எல்லாரையும் விட அத்தைக்குத்தான் அத்துப்படி. கால் தானா எடுத்துக்கும், அப்படி செட் பண்ணி வச்சிருக்கோம். பேரன் அங்க படம் வரைவான், இவங்க இங்க முருங்கைக்கீரை உருவுவாங்க, அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. திடீர்னு "டேய், முதுகை நிமித்தி உக்காரு"ன்னு இங்கேர்ந்து ஒரு சத்தம், அவனும் "சரி ஆயா"ன்னு நிமிருவான். போன்ல பேசினா சாப்டியா, தூங்கினியா, சரி வச்சிடறேன், அவ்ளோதான். இந்த மாதிரி சும்மா கூட உக்காந்திருக்கறது போன்ல என்னைக்கும் நடந்ததில்ல.

இப்ப என் கோவத்துக்கு வரேன். கூப்பிடறது எப்பவும் அங்கேர்ந்துதான். அத்தை கூப்பிடணும்னா பேரன் போட்டோவை லேசா தொட்டு உடனே விரலை எடுக்கணும், அது அவங்களுக்கு முடியல. டச் ஸ்க்ரீன் விரல் மின்சாரத்தைக் கடத்தறதை நம்பி ஓடற சாமான், வயசானா தோல் காஞ்சு போயிடும், தொட்டா பல சமயம் அதுக்குத் தெரியாது. தெரியலன்னா மனுஷங்க என்ன பண்ணுவாங்க, இன்னும் அழுத்திப் பிடிப்பாங்க. பிடிச்சா போட்டோ ஆட ஆரம்பிக்குது, மூலைல ஒரு பெருக்கல் குறி வருது, கை பட்டா போட்டோவே காணோம். முதல் தடவை "ஐயோ, புள்ளைய அழிச்சிட்டேன்"னு பதறிப்போய் அந்தப் பக்கமே போகாம இருந்தாங்க. இப்ப பக்கத்துல ஈரத்துணி வச்சு விரலைத் தொடச்சுட்டு தொடறாங்க, அப்பவும் பாதி நேரம் நான்தான் வந்து போட்டுத் தரணும்.

ஆண்ட்ராய்டு போன்ல அக்சஸிபிலிட்டி செட்டிங்ஸ்க்குள்ள, எவ்ளோ நேரம் அழுத்தினா அது லாங் பிரஸ், அதாவது அழுத்திப் பிடிக்கறதுன்னு எடுத்துக்கணும்னு மாத்திக்கலாம். உங்க வீட்டு பெரியவங்க போன்ல இன்னைக்கே நீளமா வச்சிடுங்க, நிஜமாவே வித்தியாசம் தெரியும். பெரியவங்களுக்குன்னே வித்த இந்த மெஷின்ல அந்த ஆப்ஷன் இல்ல! போன மாசம் ஸ்பீக்கர் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனப்ப சர்வீஸ்ல கேட்டேன், "வயசானவங்கதானே மேடம், நீங்க போட்டுக் கொடுத்துடுங்க, ஆட்டோ ஆன்சர்தான் இருக்கே"ன்னாரு. எனக்கு சுருக்குனு ஆச்சு. எழுபத்தெட்டு வயசு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் இன்னும் அவங்க கைலதான். அவங்களுக்கு ஒருத்தரைக் கூப்பிடணும்னு தோணவே தோணாதா? கூப்பிட்டா எடுக்கற ஆளா மட்டும் ஒரு மனுஷிய நினைச்சு டிசைன் பண்ணிருக்காங்க, அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல.

அந்தப் புதன்கிழமைக்காக நாங்க இதைத் திருப்பிக் குடுக்க மாட்டோம். ஆனா நீ கேட்டதுக்கு என் பதில், வாங்காத. விலை இன்னும் பாதி குறைஞ்சாலும் வேணாம். அப்படியும் வாங்கித்தான் ஆகணும்னா அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போ, நீ கிட்ட போகாம அவங்க விரலால அவங்களே ஒரு கால் போடட்டும். கால் போகலன்னா அங்கயே வச்சிட்டு வந்துடு.