நத்தார்ப் பரிசுக்குக் கொழும்பின் கைவினைப் பொருள்கள்: சவர்க்காரம், எண்ணெய், கைத்தறி, பனையோலை

நத்தாருக்கு மூன்று வாரம் இருக்கையிலேயே கொழும்பின் பெரிய கடைகளில் பரிசுப் பெட்டிகள் அடுக்கப்பட்டுவிடும். பளபளக்கும் தாள், ரிபன், உள்ளே ஒரு சவர்க்காரம், ஒரு லோஷன், ஒரு மெழுகுதிரி. மீதி இடத்தைக் காகிதத் துருவல் நிரப்பும். அந்தக் காசை இங்கேயே கையால் செய்பவர்களிடம் கொடுத்தால் பொருளும் கூடுதலாகக் கிடைக்கும், தரமும் கிடைக்கும். ஆனால் "கைவினை" என்று எழுதி ஒட்டியதெல்லாம் நல்லதல்ல. உடம்பில் பூசும் எதை வாங்கினாலும் இரண்டு கேள்வி போதும்: எந்த எண்ணெயில் செய்தது? எந்தத் திகதியில் செய்தது? செய்தவர் இரண்டுக்கும் தயங்காமல் பதில் சொன்னால் வாங்கலாம். பதில் வராவிட்டால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

எங்கே போவது என்றால், முதலில் கொழும்பு 7, ரேஸ்கோர்ஸ் வளவில் சனிக்கிழமைகளில் கூடும் குட் மார்க்கெட். 2012 இல் தொடங்கியது. சவர்க்காரம், எண்ணெய், தேன், கறுவா, துணி என்று செய்தவரே மேசைக்குப் பின்னால் நிற்பதுதான் இதன் பெரிய பலம். மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் நேருக்கு நேர் கேட்கலாம். டிசம்பர்ச் சனிக்கிழமைகளில் காலையிலேயே போய்விடுவது நல்லது. மத்தியானத்துக்குப் பிறகு நல்ல சவர்க்காரங்கள் முடிந்திருக்கும், நெரிசலில் யாருக்கும் நின்று பதில் சொல்ல நேரமிராது.

கைத்தறிக்கு வேறு இடங்கள். காலி வீதியில், கொழும்பு 3 இல் இருக்கும் பெயார்புட் கடை, வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி தொடங்கியது. அதன் நிறச் சேர்க்கைகளை வேறெங்கும் பார்க்கமுடியாது. 1991 இல் குருநாகலில் தொடங்கிய செலின், செய்பவருக்கு நியாயமான கூலி கிடைக்கும் நியாய வணிக முறையில் இயங்குவது. குழந்தைகளுக்கான துணிப் பொம்மைகளுக்கும் மேசை விரிப்புகளுக்கும் பொருத்தம். அரசாங்கத்தின் கைவினைக் கடையான லக்சலவில் முகமூடி, பித்தளை, அரக்கு வேலை, கண்டிப் பக்கத்தில் நாரால் நெய்யும் தும்பறைப் பாய் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். அங்கே செய்தவரைச் சந்திக்க முடியாது, ஆனால் நேரமில்லாதவருக்கு அதுவே வசதி. தும்பறைப் பாய் நெசவை யுனெஸ்கோ 2021 இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சுவரில் தொங்கவிடும் சிறு துண்டு ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்து திரும்பும் உறவினருக்குக் கொடுக்க மிகத் தோதான பரிசு: சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம், பாரமில்லை.

சவர்க்காரத்தில்தான் ஏமாற்றமும் அதிகம், நல்ல பொருளும் அதிகம். குளிர்முறையில், அதாவது எண்ணெயையும் சோடாக் காரத்தையும் கொதிக்கவிடாமல் கலந்து செய்த சவர்க்காரம் வார்த்து வெட்டிய பிறகு 4 முதல் 6 வாரம் காற்றுப்படும் தட்டில் கிடக்கவேண்டும். அந்த நாட்களில் நீர் வற்றிக் கட்டி இறுகும். வற்றாததை விற்றால் இரண்டே வாரத்தில் குழைந்து கரைந்துபோகும். கணக்குப் போட்டால், நத்தாருக்குக் கொடுக்கும் சவர்க்காரம் நவம்பர் நடுப்பகுதிக்கு முன்னரே வெட்டியிருக்கவேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் "போன கிழமை செய்தது, புத்தம் புதிது" என்று பெருமையாகச் சொல்லும் மேசையைக் கடந்து போங்கள். சவர்க்காரத்துக்குப் புதுமை நல்லதல்ல. பெருவிரலால் ஓரத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்தால் இன்னும் காயவில்லை.

எண்ணெய் விகிதம் அடுத்தது. தேங்காயெண்ணெய் நுரையும் கடினமும் தரும், ஆனால் அளவு மிஞ்சினால் தோலில் இருக்கும் எண்ணெய்ப்பசையையும் கழுவிக்கொண்டு போய்விடும். முகத்துக்கும் வறண்ட தோலுக்கும் அது 30 வீதத்துக்குள் இருந்து, மீதி ஒலிவ், நல்லெண்ணெய் போன்றவையாக இருப்பது நல்லது. முழுக்கத் தேங்காயெண்ணெயில் செய்த கட்டி கை கழுவவும் துணிக்கும் நன்று. ஒளி ஊடுருவும் பளிங்குபோன்ற கட்டிகள் பெரும்பாலும் ஆயத்தச் சவர்க்காரக் கட்டியை வாங்கி, உருக்கி, நிறமும் வாசனையும் சேர்த்து ஊற்றியவை. அதில் தவறொன்றுமில்லை, ஆனால் எண்ணெயிலிருந்து செய்ததன் விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. சந்தனச் சவர்க்காரம் என்று மலிவாகக் கிடைப்பது சந்தன வாசனைத் திரவியம் மட்டுமே. உண்மையான சந்தன எண்ணெயின் விலை அதற்கு இடம் கொடுக்காது.

வாங்கிய பிறகு தெரியும் குறைகளைப் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். மேலே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் படலம் இருந்தால் பயமில்லை, ஒரு தரம் கழுவினால் போய்விடும். நீர்த்துளிகள் முத்து முத்தாகக் கோத்து நின்றாலும் பயமில்லை; சவர்க்காரத்தில் இருக்கும் கிளிசரின் கொழும்பின் ஈரக்காற்றை இழுப்பதால் வருவது. செம்மஞ்சள் புள்ளிகளும் பழைய எண்ணெய் மணமும் வந்தால் எண்ணெய் காறிவிட்டது, கொடுக்கவேண்டாம். வெட்டிய முகத்தில் வெள்ளைக் கட்டிகளோ குழிகளோ இருந்து, தொட்டால் தோல் எரிந்தால், எண்ணெயோடு கலக்காமல் நின்ற சோடாக் காரம் அது. அந்தக் கட்டியை உடனே ஒதுக்குங்கள். நல்ல கட்டியும் தண்ணீரில் ஊறினால் நிலைக்காது. துவாரமுள்ள மரத்தட்டு ஒன்றும் சேர்த்துக் கொடுத்தால் பரிசு முழுமையாகும். 100 கிராம் கட்டி ஒருவருக்கு மூன்று நான்கு வாரம் வரும்.

கறுவா எண்ணெய் வாங்காமல் கொழும்பிலிருந்து போவதில்லை என்று பலர் இருப்பார்கள். இலங்கைக் கறுவாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 இல் புவிசார் குறியீடு கொடுத்த பிறகு தேடுவோர் இன்னும் கூடிவிட்டார்கள். இதில் இரண்டு வகை இருப்பதைக் கட்டாயம் கேட்டறியவேண்டும். பட்டையிலிருந்து வடிப்பது ஒன்று, இலையிலிருந்து வடிப்பது இன்னொன்று. இலை எண்ணெயில் கூடுதலாக இருப்பது யூஜினோல், அதனால் கராம்பு மணம் வரும். பட்டை எண்ணெயில் இருப்பது சினமல்டிகைட். அது தோலை எரிக்கும், ஒவ்வாமையும் உண்டாக்கும். பட்டை எண்ணெயைத் தோலில் பூசவே வேண்டாம், வீட்டில் மணம் பரப்பக் கொதிநீரில் இரண்டு துளி விட்டால் போதும். இலை எண்ணெய் என்றால் 30 மில்லிலீற்றர் நல்லெண்ணெயில் 3 துளிக்கு மேல் போகக்கூடாது. மற்ற நறுமண எண்ணெய்களுக்குப் பொது அளவு 1 வீதம்: 30 மில்லிலீற்றருக்கு 6 துளி. எதுவானாலும் முழங்கையின் உட்பக்கத்தில் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். தேசிக்காய்த் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் கருகியதுபோல் கறுத்துவிடும். நத்தார் விடுமுறைக்குக் கடற்கரை போகிறவர்களுக்கு அதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

கிரீம், கற்றாழை ஜெல், பன்னீர் ஆகியவற்றில் என் தீர்ப்பு கடுமையானது. தண்ணீர் கலந்த எதிலும் பாதுகாப்புப் பொருள் இல்லாவிட்டால் 30 பாகை வெப்பத்தில் சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். "எந்த இரசாயனமும் சேர்க்கவில்லை" என்ற லேபல் இங்கே எச்சரிக்கை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் முடிப்பவர் வாங்கட்டும். பரிசுக்கு ஏற்றது தண்ணீரே இல்லாத தைலமும் எண்ணெயும்தான்.

மெழுகுதிரியில் ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுத்தால்தான் பரிசு பயன்படும். கண்ணாடிக் குவளையில் ஊற்றிய சோயா மெழுகை முதல் தடவை ஏற்றும்போது, உருகிய மெழுகு குவளையின் ஓரம் தொடும்வரை எரியவிடவேண்டும். 7 சென்ரிமீற்றர் அகலக் குவளைக்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம். இடையில் அணைத்தால் அடுத்த தடவையும் நடுவில் மட்டும் குழி விழும், ஓரத்து மெழுகு வீணாகும். திரியை ஒவ்வொரு தடவையும் 5 மில்லிமீற்றருக்கு வெட்டுங்கள். கொழும்பு வீடுகளில் மெழுகுதிரி புகைவதற்குப் பெரிய காரணம் மேலே சுழலும் மின்விசிறிதான். அதை நிறுத்த முடியாத அறையில் ஏற்றவேண்டாம். வாங்கிய நாள் வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவந்தால் வீட்டுக்கு வருமுன்னரே சாய்ந்து உருகியிருக்கும்.

துணிக்கு வருவோம். குளித்துத் துவட்டக் கைத்தறித் துவாயைப்போல் சுகம் இல்லை, ஆனால் புதிதில் அது தண்ணீரை இழுக்காது. நூலுக்குப் பூசிய கஞ்சி அதற்குக் காரணம். ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை தனியாகத் துவைத்தால் சரியாகும். துணி மிருதுவாக்கும் திரவம் சேர்த்தால் திரும்பவும் இழுக்காமல் போகும். கடையில் நிற்கும்போதே செய்யவேண்டிய பரிசோதனை இரண்டு. நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பு, நீலப் பகுதியைப் பத்துத் தரம் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் வேண்டாம். வீட்டில் உப்பும் வினாகிரியும் போட்டு நிறம் நிறுத்தலாம் என்பது பெரும்பாலும் பலிக்காது. மற்றது, துணியின் கரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். குறுக்கே ஓடும் ஊடை நூல் கரையில் திரும்பி மறுபடி உள்ளே போகவேண்டும். நூல் நுனிகள் வெட்டுப்பட்டு வரிசையாக நின்றால் அது நவீன விசைத்தறி. பத்திக் என்றால் மறுபக்கம் திருப்புங்கள்: மெழுகு தோய்த்து நிறமூட்டியதில் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒரே நிறம், அச்சடித்ததில் மறுபக்கம் வெளிறியிருக்கும். வீட்டில் உள்ள ஆண்களுக்கு என்ன கொடுப்பது என்று தடுமாறுபவர்களுக்கு மருதமுனைச் சாரம் என்ற விடை எப்போதும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்கப் பனையோலைப் பெட்டிக்கு இணையில்லை. பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் நிலையங்களிலும் சந்தைகளிலும் கிடைக்கும். வாங்கும்போது மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடி இறுக்கமாக இருக்கவேண்டும், ஆனால் பலமாக இழுக்காமலே கழரவேண்டும். அடிமூலைகளில் ஓலை பிளந்திருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். அங்கேதான் முதலில் விடும். சவர்க்காரத்தை நேராக உள்ளே வைக்காதீர்கள். எண்ணெய் கசிந்து ஓலையில் கறை ஊறும், சாயமிட்ட ஓலையின் நிறமும் சவர்க்காரத்தில் ஒட்டும். எண்ணெய்த்தாளில் சுற்றி வையுங்கள். எண்ணெய்ப் போத்தல் நிமிர்ந்து நிற்குமாறு பக்கத்தில் துவாயைச் சுருட்டி அடையுங்கள்.

பிறருக்கு வாங்கும்போதே உங்களுக்கும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் ஒரு பொதி சீயாக்காயும் எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் ஸ்பாக்கள் நிரம்பிவழியும், வீட்டு எண்ணெய் முழுக்குக்கோ அரை நாள் போதும். செக்கில் ஆட்டிய எண்ணெய், நீண்ட தலைமயிருக்கு 30 முதல் 40 மில்லிலீற்றர், உடம்புக்கு 50. அடுப்பில் நேராகச் சூடாக்காமல் கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்துக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலமாவது கழியட்டும். உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை தேய்த்து, 20 நிமிடம் பழைய துவாய் விரித்து உட்காரலாம். சீயாக்காய்ப் பொடி இரண்டு மேசைக்கரண்டியை அரிசி கழுவிய தண்ணீரில் குழைத்துத் தேய்த்தால் எண்ணெய் கழன்றுவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவுங்கள். குளியலறைத் தரைதான் பெரிய ஆபத்து. இறப்பர் விரிப்பு இல்லாமல் இறங்காதீர்கள், வயதானவர்கள் முக்காலியில் இருந்தபடியே குளிக்கட்டும். மாடிவீட்டுக்காரர்கள் முடிந்ததும் ஒரு கேத்தல் சுடுதண்ணீரை வடிகாலில் ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயும் மயிரும் சேர்ந்து குழாய் அடைபடும்.

கட்டணம் பற்றி ஒரு சொல்: பெரும்பாலான மேசைகளில் கைத்தொலைபேசியால் காசு செலுத்தும் லங்காகியூஆர் குறியீடு இருக்கும், ஆனால் நெரிசலில் இணைப்பு இழுபடும், சில்லறைக் காசு வைத்திருங்கள். வெளிநாடு போகும் பொதியில் எண்ணெயைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். பனையோலை, கறுவா போன்ற தாவரப் பொருள்களை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் விமான நிலையத்தில் அறிவிக்கவேண்டும். பனையோலைப் பெட்டிகளை இப்போதே வாங்கி வைப்பதானால், பொலித்தீனில் கட்டாமல் ஒரு காலை வெயில் காட்டி, காற்றோட்டமான அலுமாரித் தட்டில் வையுங்கள். ஈரம் பூத்துக் கறுப்புப் புள்ளி விழுந்த ஓலையைத் திரும்ப வெளுக்க வழியில்லை.