நிலைவாசலுக்கு ஒரு திருப்பெயர்த் தகடு

மதுரை கீழவாசல் பக்கம் உள்ள ஒரு பக்திப் பொருள் கடையில், இயேசுவின் திருப்பெயர்ச் சின்னம் பொறித்த பித்தளைத் தகட்டையும், திருப்பெயர் மன்றாட்டுமாலை என்னும் தொடர் வேண்டுதல் அடங்கிய சிறு நூலையும் சேர்த்து 850 ரூபாய்க்கு வாங்கினோம். தகடு மனநிறைவைத் தந்தது, நூல் தரவில்லை.

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்த வட்டத் தகட்டின் நடுவில், கிரேக்கத்தில் இயேசுவின் பெயரின் முதல் மூன்று எழுத்துகளான ஐ.எச்.எஸ்.ஸும், அதன் நடு எழுத்தின் குறுக்குக் கோட்டின் மேல் சிலுவையும், கீழே மூன்று ஆணிகளும், சுற்றிலும் கதிர்களும் அமைந்துள்ளன. கத்தோலிக்கத் துறவற சபையான சேசு சபையின் சின்னமான இது, 1606இல் அச்சபையின் இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி வந்த காலந்தொட்டு அச்சபையாரின் பணியை அறிந்த மதுரைக்குப் புதியதல்ல. மலிவான தகடுகளில் சாயத்தால் அச்சிட்டிருப்பதால் ஒரு மழைக்காலத்திலேயே மங்கிவிடும். இதிலோ ஒவ்வொரு கோடும் உளியால் வெட்டப்பட்டிருப்பதால், விரலால் தடவினால் ஆணியின் தலைகூடத் தனியே தட்டுப்படுகிறது. கதிர்களின் நீளம் சிறிது ஏறி இறங்குவது கைவேலை என்பதற்கு அடையாளம். அதை நான் குறையாகக் கருதவில்லை.

கட்சிப் பகையால் பிளவுண்டு, வீட்டு முகப்புகளில் கட்சிச் சின்னங்களைப் பதித்திருந்த இத்தாலிய நகரங்களில், அவற்றை அகற்றிவிட்டு இத்திருப்பெயரை வைக்கும்படி மறையுரையாற்றியவர் சியன்னா நகரப் புனித பெர்னார்தீன் (1380–1444). இதன்பொருட்டு அவர் திருச்சபைக் கொள்கைக்கு முரணாகப் போதிக்கிறார் என்று தப்பறைக் குற்றம் சாட்டப்பட்டபோதும், பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டின் அவரைக் குற்றமற்றவர் என்றே விடுவித்தார். அத்தனை எதிர்ப்பைத் தாண்டி வந்த வழக்கம் நம் வாசலிலும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

கடைக்காரரும் அந்த மதிப்பை அறிந்தவர். தகட்டைத் துணியில் சுற்றி, இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்து, “பங்குச்சாமிகிட்ட மந்திரிச்சு வாங்கிட்டு மாட்டுங்கண்ணே” என்றார்.

நூலைப் பற்றித்தான் வருத்தம். 1886இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ திருச்சபை முழுவதற்கும் அனுமதித்த மன்றாட்டுமாலை அது. குடும்பச் செபத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் “எங்கள் மேல் இரக்கமாயிரும்” என்று பதில் சொல்ல வேண்டும்; தாளை மிச்சப்படுத்த அப்பதிலை “எ.மே.இ.” என்று சுருக்கிவிட்டார்கள். பெரியவர்களுக்கு மனப்பாடம், சிறுவர்கள் என்ன செய்வார்கள்? எழுத்தும் மிகப் பொடி. எல்லாவற்றையும்விட, இரண்டு இடங்களில் திருப்பெயரே “இயெசு” என்று பிழையாக அச்சாகியிருக்கிறது. இப்பெயரைச் சொல்லும்போது தலைவணங்க வேண்டும் என்று 1274இல் லியோன் நகரில் கூடிய திருச்சபைப் பொதுச்சங்கம் கேட்டுக்கொண்டது. அதை அச்சிடுவோர் ஒருமுறையேனும் மெய்ப்புப் பார்த்திருக்கக் கூடாதா? திருப்பெயரின் திருவிழா நாளான ஜனவரி 3 பற்றியும் நூலில் ஒரு சொல் இல்லை.

தகட்டைத் தயங்காமல் வாங்கலாம். புளி போட்டுத் தேய்த்தால் கோடுகளுக்குள் சக்கை தங்கிவிடுகிறது. எலுமிச்சைச் சாறும் மென்மையான பிரஷும் போதும். நூல் வேண்டாம் என்றால் தகட்டை மட்டும் 800 ரூபாய்க்குத் தருகிறார்கள்.