ஊசி தேட வைக்கும் வெப்பமானி: இரண்டு ஆண்டுப் பாவனை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக் குசினியில் இரண்டு ஆண்டுகளாக இருக்கும் இறைச்சி வெப்பமானியின் விலை இப்போது குறைந்துவிட்டது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நேற்றுத்தான் அதற்குப் பற்றரி மாற்றினேன். ஆகவே இப்பதிலில் எரிச்சல் சற்றுத் தூக்கலாகவே இருக்கும்.

துல்லியத்தில் குறை சொல்ல இடமில்லை. நொறுக்கிய ஐஸ் நிரம்பிய தண்ணீரில் வைத்தால் இன்றும் பூச்சியம் பாகை செல்சியஸையே காட்டுகிறது. ஆனால் பத்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். மீண்டும் இயக்கினால் செல்சியஸை மறந்து பாரன்ஹீட்டில் நிற்கும். அதை மாற்றும் பொத்தானோ பற்றரி மூடிக்குள், தையல் ஊசி மட்டுமே நுழையக்கூடிய ஒரு துளையில் இருக்கிறது. மஞ்சளும் எண்ணெயும் பூசிய கையோடு ஊசி தேடுபவருக்குத்தான் அந்த அருமை தெரியும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு மறுநாள் மச்சான் முற்றத்தில் முழுக் கோழி வாட்டினார். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தி, 74 வந்ததும் இறக்கும்படி சொல்லியிருந்தேன். கரி பிடித்துக் கால் மணித்தியாலம்கூட ஆகவில்லை, "எழுபத்திநாலு வந்திட்டுது, இறக்கட்டோ?" என்று குரல் கொடுத்தார். அது பாரன்ஹீட் 74, அதாவது ஏறத்தாழ 23 பாகை செல்சியஸ். எங்கள் முற்றத்து வெயில் அதைவிடச் சூடு.

கொதித்துக்கொண்டே இருக்கும் ஆட்டிறைச்சிக் கறிக்கு இக்கருவி தேவையில்லை. வாட்டும் கோழிக்கும், அரைத்த இறைச்சியில் செய்யும் கட்லற்றுக்கும்தான் இது உதவுகிறது. ஆடு, மாடு போன்றவற்றின் முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே இருப்பதால் 63 பாகை செல்சியஸில் இறக்கி மூன்று நிமிடம் ஆறவிட்டால் போதும்; அரைக்கும்போது அவை உள்ளே கலந்துவிடுவதால் 71 வேண்டும். மீனுக்கு 63, முட்டை சேர்த்த பண்டங்களுக்கு 71, மிஞ்சிய கறியைச் சூடாக்கும்போது 74. நிறத்தை நம்ப முடியாது என்பதையும் இதுவே எனக்குக் கற்றுத்தந்தது: நன்றாகப் பழுப்பேறிய கட்லற் ஒன்றின் நடுவில் ஒருமுறை 58தான் இருந்தது.

"குத்திப் பார்த்தால் தெரியாதோ?" என்று முதலில் சிரித்த அம்மா, இப்போது 165, 160, 145 என்று பாரன்ஹீட் கணக்கையே குசினிச் சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார். அவருக்கு ஊசி தேவைப்படுவதில்லை. எனக்கு இன்னும் அது பழகவில்லை.

ஆகவே நண்பரே, வாங்க வேண்டாம். கோழி வாட்டும் நாளில் என்னுடையதை எடுத்துச் செல்லுங்கள். ஊசியையும் சேர்த்துத் தருகிறேன்.