லங்காவியிலிருந்து ஜொகூருக்குப் படகு கொண்டுவர ஆள் வைக்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

லங்காவியில் வாங்கிய கேட்டமரான் ஒன்றை ஜொகூரில் உள்ள புத்ரி ஹார்பருக்குக் கொண்டுவரும் வேலையை ஒரு டெலிவரி நிறுவனத்திடம் கொடுத்தோம். 7 நாள் என்று பேசி 13 நாளுக்குக் காசு கேட்டார்கள். போடாத டீசலுக்கும் மாற்றாத ஃபில்டருக்கும் பில் வந்தது. இடது எஞ்சினின் செயில்டிரைவுக்குள், அதாவது எஞ்சின் விசையைப் படகின் அடிவழியே புரொபெல்லருக்குக் கொண்டுபோகும் கியர் பகுதிக்குள், கடல்தண்ணீர் புகுந்திருந்தது. பிரதான பாய் கிழிந்திருந்தது. தீர்ப்பாயத்தில் கோரிக்கை நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள், எதை வைத்துக் கண்டுபிடித்தோம் என்பதை முழுவதுமாக எழுதுகிறோம்.

கேட்டமரான் என்பது நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த சொல். இங்கே பேசுவது கண்ணாடியிழையில் செய்த, இரண்டு உடல் கொண்ட 12 மீட்டர் பாய்மரப் படகு. அகலம் 7 மீட்டருக்குச் சற்று மேல். ஒவ்வோர் உடலிலும் ஓர் எஞ்சின், ஒரு செயில்டிரைவ், 200 லிட்டர் டீசல் டாங்கி. குளிர்சாதனத்துக்குத் தனியாக ஒரு ஜெனரேட்டர்.

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் ஏமாற்று அங்கேதான் தொடங்குகிறது. லங்காவியின் குவாவிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 60 கடல் மைல். பினாங்கிலிருந்து பங்கோர், லூமுட் வரை 70. அங்கிருந்து கிள்ளான் துறைமுகம் 75. அடுத்து போர்ட் டிக்சன் 50. கடைசிக் கட்டம் புத்ரி ஹார்பர் வரை 120. மொத்தம் 375 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் 62, 63 மணி நேர ஓட்டம். பகலில் ஓடி இரவில் நங்கூரம் போட்டால், கடைசிக் கட்டத்தை இரண்டாகப் பிரித்தும் 6 அல்லது 7 நாளில் முடியும். கிள்ளானுக்குத் தெற்கே நீரோட்டம் 2, 3 நாட் வரை இழுக்கும். எதிர்ப்பக்கம் ஓடும் நேரத்தில் கிளம்பினால் அரை நாள் போய்விடும். அதையும் சேர்த்து 8 நாள் போட்டால் தாராளம்.

அவர்கள் கேட்டது நாளுக்கு 1,400 வெள்ளி: கேப்டனுக்கு 1,000, துணைக்கு 400, செலவுகள் தனி. 7 நாள் என்று வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் நாள் எண்ணிக்கை இல்லை, உச்சவரம்பும் இல்லை. நாள் கூலியில் பேசினால் மெதுவாக வருவதுதான் அவர்களுக்கு லாபம்.

இறுதிப் பில்லில் ஜூன் 3 முதல் 15 வரை 13 நாள், 18,200 வெள்ளி. அதில் முதல் 4 நாள் ‘வானிலைக்காகக் காத்திருப்பு’, முழுக் கூலியில். கடல் துறை இலாகா கொடுத்த போர்ட் கிளியரன்ஸில் (துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் அனுமதிச் சீட்டு) லங்காவியை விட்ட தேதி ஜூன் 7. அதுவரை படகு எங்கே இருந்தது? வழிகாட்டும் வரைபடத் திரையான பிளாட்டரில் பயணத் தடத்தை அழித்துவிட்டார்கள். ஆனால் படகு இருக்கும் இடத்தை வானலையில் அறிவித்துக்கொண்டே இருக்கும் ஏஐஎஸ் கருவியை அணைக்க மறந்திருக்கிறார்கள். கரையில் பதிவான ஏஐஎஸ் வரலாற்றைத் தேடி எடுத்தால், 4ஆம் தேதியும் 5ஆம் தேதியும் படகு டாயாங் புந்திங் தீவுக்குப் போய் நங்கூரமிட்டு மாலையில் திரும்பியிருக்கிறது. ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணி மீட்டரில் 44 மணி நேரம் கூடியிருந்தது. இரண்டு பேர் படகு கொண்டுவரும் வேலைக்கு 44 மணி நேரம் குளிர்சாதனம் ஓட வேண்டியதில்லை. எங்கள் படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக் காசு பார்த்துவிட்டு, அந்த நாட்களுக்கு எங்களிடமும் கூலி கேட்டிருக்கிறார்கள் என்பதே எங்கள் முடிவு.

டீசல் கணக்கைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படகு வைத்திருக்கும் யாரும் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். ஒப்படைத்த அன்று இரண்டு டாங்கியும் நிரம்ப, மொத்தம் 400 லிட்டர். மணி மீட்டர்களைப் படம் எடுத்திருந்தோம்: இடது 2,211, வலது 2,187. திரும்ப வாங்கியபோது இடது 2,263, வலது 2,226. அதாவது 52 மணியும் 39 மணியும், சேர்த்து 91 எஞ்சின் மணி. 30 குதிரைசக்தி டீசல் எஞ்சின் 2,200 சுற்றில் மணிக்கு 3 லிட்டருக்குச் சற்று மேல் குடிக்கும், 3.2 என்று போட்டால் 291 லிட்டர். ஜெனரேட்டர் மணிக்கு 1.7 என்றால் 75. மொத்தம் 366 லிட்டர். படகு வந்து சேர்ந்தபோது இரண்டு டாங்கியும் பாதி, அதாவது 200 லிட்டர் மிச்சம். 400இல் 366 போனால் 34 இருக்க வேண்டும், 200 இருந்தது. ஆகவே வழியில் வாங்கியிருக்கக்கூடியது 166 லிட்டர். கணக்கில் 20 லிட்டர் முன்பின் இருக்கலாம். பில்லில் இருந்தது 1,060 லிட்டர்.

ரசீது எல்லாவற்றுக்கும் இருந்தது. ரசீதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மணி மீட்டர் முன்னும் பின்னும், டாங்கி அளவு முன்னும் பின்னும், இந்த நான்கும் படமாக இருந்தால் எந்த ரசீதையும் சரிபார்த்துவிடலாம். டாங்கி அளவை மீட்டர் முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஃபில்டர். லூமுட் தாண்டி அலை எழுந்தபோது டாங்கியின் அடிச்சேறு கலங்கி வலது எஞ்சின் நின்றுபோனதாகவும், 8 டீசல் ஃபில்டர் மாற்றியதாகவும், எஞ்சினைக் குளிர்விக்கக் கடல்தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் 2 போட்டதாகவும் எழுதியிருந்தார்கள். நம்பக்கூடிய கதைதான். பழைய டாங்கியில் அடிக்கடி நடப்பது. ஆனால் வலது எஞ்சினின் ஃபில்டர் மூடியைத் திறந்தால், பழைய உரிமையாளர் மார்க்கர் பேனாவில் தேதி எழுதிப் போட்ட ஃபில்டர் அப்படியே உட்கார்ந்திருந்தது. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. கீழே உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் விரல்கடை அளவு தண்ணீர், அதன்மேல் கறுப்புக் கூழ். வலது இம்பெல்லரில் 6 இதழில் 2 இதழ் இல்லை. உதிர்ந்த துண்டுகள் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் சிக்கிக் கிடந்தன. உதிரிப் பெட்டியில் நாங்கள் வைத்த புது இம்பெல்லர் உறை பிரிக்காமல் இருந்தது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: மாற்றிய ஒவ்வொரு பழைய பாகமும் படகிலேயே இருக்க வேண்டும், பழையது இல்லையென்றால் புதியதற்குக் காசு இல்லை.

பெரிய நஷ்டம் வலையால் வந்தது. லங்காவியிலிருந்து கிள்ளான் வரை கரையோரம் மீன்பிடி அடர்த்தி. மிதவை வலைகள் பல நூறு மீட்டர் நீளம் கிடக்கும். இரு முனையிலும் கொடியோ சின்ன விளக்கோ இருக்கும், சில சமயம் எதுவும் இருக்காது. இழுவைப் படகுகள் சோடியாக ஒரே வலையை இழுத்துப் போகும், இடையில் புகுந்தால் மாட்டிக்கொள்வீர்கள். கரைக்கு மிக அருகே போனால் கம்பு நட்ட வலைகள். வெளியே போனால், கிள்ளானுக்கு வெளியே ஒன் ஃபேதம் பேங்கிலிருந்து தெற்கே பெருங்கப்பல்கள் போகவும் வரவும் தனித்தனியாகப் பிரித்த பாதை. பாய்ப் படகுக்குக் கிடைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு பட்டை. இதை அறிந்தவர்கள் வடபாதியில் பகலில்தான் ஓடுவார்கள். எங்கள் படகு பங்கோருக்கு அதிகாலை 3 மணிக்கு வந்திருக்கிறது. வலை இடது புரொபெல்லரில் சுற்றியது.

வலை சுற்றுவது யாருக்கும் நடக்கும், அதற்காக இவர்களைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு செய்ததுதான் குற்றம். லூமுட்டில் முக்குளிப்பவரை இறக்கி வலையை அறுத்தார்கள், அதற்குப் பில்லும் இருக்கிறது. ஆனால் செயில்டிரைவ் எண்ணெயைப் பார்க்கவே இல்லை. வலையை அறுத்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே போகும். மெல்லிய நைலான் இழை புரொபெல்லருக்குப் பின்னால் தண்டோடு உள்ளே ஏறி, சூட்டில் உருகி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான சீலைத் தின்னும். சீல் போனால் கடல்தண்ணீர் கியர் எண்ணெயில் கலக்கும். அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால் போதும்: எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த நிமிடம் அந்த எஞ்சினை நிறுத்திவிட்டு மற்றதில் வர வேண்டும். கேட்டமரானுக்கு இருக்கும் பெரிய வசதியே அது. ஓர் எஞ்சினில் 5 நாட் வரும். சீலை நீருக்குள் மாற்ற முடியாது, படகைத் தூக்கித்தான் ஆக வேண்டும். 7 மீட்டர் அகலத்தைத் தூக்கும் வசதி எல்லா இடத்திலும் இல்லை என்பதால் கிளம்பும் முன்பே எங்கே தூக்கலாம் என்று விசாரித்து வைப்பார்கள் நல்ல கேப்டன்கள்.

இவர்கள் தண்ணீர் கலந்த எண்ணெயோடு லூமுட்டிலிருந்து ஜொகூர் வரை அதே எஞ்சினை ஓட்டியிருக்கிறார்கள். படகைத் தூக்கிப் புரொபெல்லரைக் கழற்றியபோது தண்டைச் சுற்றிப் பச்சை நைலான் உருகி இறுகி, வாஷர் மாதிரி வட்டமாக, நகத்தால் கீறினால்கூட வராத கெட்டியில் ஒட்டியிருந்தது. கீழ் கியர் பேரிங் துருப்பிடித்துவிட்டது. தூக்குகூலி, சீல், பேரிங், வேலைக்கூலி எல்லாம் சேர்த்து 14,000 வெள்ளி.

பாய் விஷயம் சுருக்கமாக. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இந்த மலாக்கா நீரிணையில் ‘சுமத்ரா’ என்று சொல்லும் புயல்வரிசை தென்மேற்கிலிருந்து வரும், பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகு. 15 நாட் காற்று சில நிமிடத்தில் 40ஐத் தொடும். ஒற்றை உடல் படகு சாய்ந்து எச்சரிக்கும். கேட்டமரான் சாயாது, அந்தப் பாரம் முழுவதும் பாயிலும் பாய்மரத்திலும் ஏறும். அதனால் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துப் பாயைச் சுருக்க வேண்டும்: 18 முதல் 20 நாட்டில் முதல் சுருக்கு, 25க்குள் இரண்டாவது. துல்லியமான எண்ணைப் படகு கட்டியவரின் அட்டவணையில் பாருங்கள். இரவில் முதல் சுருக்கு போட்டே வைத்திருப்பது வழக்கம். எங்கள் பாய் பின்விளிம்பில் கிழிந்து, பாயை விறைப்பாக வைக்கும் இரண்டு பேட்டன் பட்டைகள் முறிந்து வந்தது. ‘இரண்டாம் சுருக்கில் இருந்தோம், பாய்தான் பழசு’ என்றார்கள். சுருக்குக் கயிறுகளோ நாங்கள் சுற்றிக் கட்டிக் கொடுத்த முடிச்சோடு அப்படியே தொங்கின. காற்றுமானியின் நினைவில் உச்சம் 38 நாட்.

இன்சூரன்ஸ் கிடைக்குமே என்று நினைப்பீர்கள். டெலிவரிப் பயணத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கேப்டனின் பெயரும் அனுபவமும் கொடுத்து. கொடுத்தோம். 20 வருட அனுபவம் உள்ள ஒருவரின் பெயர். போர்ட் கிளியரன்ஸோடு இருந்த ஆள் பட்டியலில் கேப்டனாக இருந்ததோ வேறொருவர். ஆளைக் காட்டி வேலை பிடித்து, குறைந்த கூலிக்கு இன்னொருவரை ஏற்றியிருக்கிறார்கள். வந்தவரிடம் இருந்த, பிரிட்டனின் படகோட்டச் சங்கமான ஆர்.ஒய்.ஏ. தரும் யாட்மாஸ்டர் சான்றிதழ் உண்மைதான், ஆனால் கூலிக்குப் படகு ஓட்டத் தேவையான வணிக ஒப்புதல் காலாவதி. அது 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. இன்சூரன்ஸ் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. சான்றிதழின் நகலில் ஒப்புதல் பக்கத்தையும் தேதியோடு கேளுங்கள். எண்ணைக் குறித்து ஆர்.ஒய்.ஏ.வுக்கே எழுதிக் கேட்கலாம். கிளம்பும் நாள் காலை படகில் நிற்பவரின் கடப்பிதழை அந்தப் பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது யாராவது எங்களிடம் கேட்டால், நாள் கூலிக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள், முழுப் பயணத்துக்கும் ஒரே தொகை பேசுங்கள் என்போம். காத்திருப்பு நாளுக்குப் பாதிக் கூலி, அதுவும் அன்றைய மெட்மலேசியா கடல் வானிலை அறிக்கையை அனுப்பி உங்கள் சம்மதம் வாங்கிய பிறகு. பணம் மூன்று தவணை: கிளம்பும்போது ஒன்று, கிள்ளானில் ஒன்று, படகைத் தண்ணீரிலும் எஞ்சினை ஓட்டியும் பார்த்து முடித்த மறுநாள் ஒன்று. நாங்கள் 80 விழுக்காடு முன்பே கொடுத்துவிட்டோம், அதனால் கையில் பிடி எதுவும் இல்லாமல் போனது. ஏஐஎஸ் அணையக் கூடாது. ஆள் பட்டியலில் இல்லாத யாரும் ஏறக் கூடாது. தினமும் நண்பகலிலும் நங்கூரம் போட்டதும் இடம், மூன்று மணி மீட்டர், இரண்டு செயில்டிரைவ் எண்ணெய்க் குச்சி, இவற்றின் படம் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். நேர்மையான கேப்டன் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். விலை சொல்வதற்கு முன்பே கேள்வி கேட்பார்கள்: இம்பெல்லர் எப்போது மாற்றியது, டாங்கி எப்போது கழுவியது, செயில்டிரைவ் ரப்பர் உறை எத்தனை வருடம். அந்த உறையை 7 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று எஞ்சின் தயாரிக்கும் வோல்வோ பென்டா சொல்கிறது. அது கிழிந்தால் படகுக்குள் தண்ணீர். எங்களுக்கு வந்த நிறுவனம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வந்து சேரும் தேதியை மட்டும் அடித்துச் சொன்னது. இந்த நீரிணையில் அதை அடித்துச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 3 வருடத்துக்குள் போட வேண்டும். மணி மீட்டர் படங்கள், போர்ட் கிளியரன்ஸ், ஆள் பட்டியல், ஏஐஎஸ் தடம் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அச்சிட்டு, ஒவ்வொரு பில் வரிக்கும் எதிரே எது பொய் என்று எழுதிக் கொண்டுபோங்கள். கழற்றிய சீலையும் பேரிங்கையும் தூக்கிப் போட வேண்டாம். பட்டறையின் பெயரும் தேதியும் எழுதிய உறையில் போட்டு வையுங்கள். எங்கள் பச்சை நைலான் வளையம் அப்படி ஓர் உறையில்தான் இருக்கிறது, விசாரணை நாளுக்காக.